தெரியாதவர்கள் கை தூக்கவும்

1

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘ஆசிரியர்களுக்குச் சிறப்புப் பயிற்சிப் பட்டறை. வாசிக்கக் கற்பித்தலும் வகுப்பறை மேலாண்மையும். மதுரையிலிருந்து வந்திருக்கும் மூத்த கல்வியாளர் நடத்துகிறார்’ என்று போட்டு, கீழே ஒரு புகைப்படம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடி கொட்டியிருந்தது. கண்ணாடி மாறியிருந்தது. சிரிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும் அந்த உதடு மட்டும் அப்படியே இருந்தது.

பெயர் வேண்டாம். எங்கள் மதுரைப் பள்ளியில் அவரைப் ‘பெரிய சார்’ என்போம். நான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர். அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார், புத்தகம் போட்டிருக்கிறார், சிடி போட்டிருக்கிறார் என்று ஊரிலிருந்து காற்றுவாக்கில் செய்தி வரும். இப்போது எடிசனில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்தவரை, நியூ ஜெர்சிக்காரர்கள் விடுவார்களா? பொன்னாடை வாங்கிவிட்டார்கள்.

கணவரிடம் படத்தைக் காட்டினேன். அவருக்குக் கதை தெரியும்.

“விடு செல்வி. வயசான மனுசன். நீ அன்னைக்குப் போகாம இருந்துரு” என்றார்.

“நான் எதுக்குப் போகாம இருக்கணும்? முன் வரிசையில உக்காருவேன்” என்றேன்.

வழிந்த பாலைத் துடைத்தேன். எத்தனையோ வருடம் கழித்து அன்றைக்குப் பாட்டுகூட வந்தது வாயில்.

2

தொண்ணூறுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துக் காத்திருந்தேன். தெற்குவாசலுக்குள் ஓர் உதவிபெறும் ஆரம்பப் பள்ளி. அங்கே ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அந்த இடத்துக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவர் திரும்பி வரப்போவதில்லை, நல்லபடியாக நடந்துகொண்டால் இடம் எனக்கே நிரந்தரமாகும் என்று பெரிய சாரே சொன்னார். கோச்சடையிலிருந்து பஸ் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கி, கடை திறக்காத வீதிகள் வழியாக நடந்து போவேன். தரையில் கால் பாவாது, அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு ‘பி’. பாதிப் பிள்ளைகள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். மீதியில் பல பேர் பஜார் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். தெருவில் தமிழை வெளுத்து வாங்குவார்கள். புத்தகத்தையும் கடகடவென்று வாசிப்பார்கள். வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் வாயில் ஈ போவது தெரியாமல் பார்ப்பார்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் ராகம் போட்டு, “புரிஞ்சுச்சு டீச்சர்” என்னும். ஒரு மண்ணும் புரிந்திருக்காது. புரியாத பிள்ளை சும்மா இருக்குமா? பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுக்கும், சிலேட்டுக் குச்சியை ஒடிக்கும், கூச்சல் கூரையைத் தொடும்.

யோசித்து ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். “நான் ஒண்ணு கேட்டா, தெரிஞ்சவங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க. தெரியாதவங்க மட்டும் கையத் தூக்குங்க. தெரியலைன்னு சொல்றவங்களுக்குத்தான் கைதட்டு.”

முதல் சில நாள் ஒரு கைகூட எழவில்லை. பிறகு கடைசி பெஞ்சில் துளசிராம் என்று ஒரு பையன், தோள் உயரத்துக்குப் பாதிக் கையைத் தூக்கினான். “அருவின்னா என்னான்னு தெரியல டீச்சர்.” வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை, மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். மறுநாளிலிருந்து அவன் கைதான் முதலில் எழும். அவனைப் பார்த்து மற்ற கைகளும் எழுந்தன. சத்தம் தானாக அடங்கியது. கேள்வி கேட்க வழி கிடைத்த பிள்ளைகள் சடையை இழுப்பதை விட்டுவிட்டார்கள். நான் பிரம்பையே தொடவில்லை.

பெரிய சார் ஜன்னல் வழியாக நின்று இதைப் பார்ப்பார். ஒரு நாள் கூப்பிட்டு, “என்னம்மா, தெரியாதவனக் கை தூக்கச் சொல்ற?” என்று கேட்டார். விளக்கினேன். “நல்லாத்தான் இருக்கு, புதுசா இருக்கு” என்றார்.

அவருடைய ஏற்பாடு வேறு. மற்ற வகுப்புகளில் தெரிந்தவன் வலது கையையும் தெரியாதவன் இடது கையையும் தூக்க வேண்டும். அதிகாரி வந்தால் எல்லாக் கையும் மேலே இருக்கும். டீச்சர் வலது கை தூக்கியவர்களை மட்டும் எழுப்பிக் கேட்பார். வந்தவர் மெச்சிக்கொண்டு போவார். என்னையும் அப்படிப் பழக்கச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, செய்யவில்லை.

3

கல்வி அதிகாரி பார்வைக்கு வந்த நாள். வழக்கமாக ஐந்தாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். அன்று பெரிய சார் அவரை நேராக என் வகுப்புக்குக் கூட்டி வந்தார்.

“இங்கருந்து ஆரம்பிப்போம் சார். புது டீச்சர். பிரமாதமா எடுப்பாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், ஒரு நிமிசம்” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க ஓரமா நில்லுங்க டீச்சர். ஐயா கேக்கட்டும்” என்று பெரிய சார் என்னைச் சுவரோரம் ஒதுக்கினார்.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, “கழனின்னா என்ன?” என்று கேட்டார். உழவைப் பற்றிய பாடம், இன்னும் நடத்தவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் வளரும் பிள்ளைகளுக்குக் கழனி எப்படித் தெரியும்? வகுப்பே கையைத் தூக்கியது. அதிகாரிக்கு முகமெல்லாம் பல். முதல் பெஞ்சுப் பெண்ணை எழுப்பினார்.

“தெரியாது சார்” என்றாள், கைதட்டலை எதிர்பார்த்து.

அடுத்தவனை எழுப்பினார். “தெரியாது சார்.” அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். அதிகாரி முகம் சிவந்துவிட்டது, பிள்ளைகள் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். கடைசி பெஞ்சில் துளசிராம் எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு, நின்றேவிட்டான். அவனும் தெரியாது என்றதும் பெரிய சார் முந்திக்கொண்டார்.

“தெரியாததுக்கு எதுக்குடா கையத் தூக்குற?”

அதிகாரி சிரித்தார். பெரிய சாரின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் எல்லாம் தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறார்.

ஜீப் போனதும் துளசிராமைக் கூப்பிட்டு, எந்தக் கையைத் தூக்கினானோ அந்தக் கையை நீட்டச் சொல்லி அடித்தார். நான் குறுக்கே போனேன், என்னை வெளியே போகச் சொன்னார். சாயங்காலம் அவர் அறையில் நின்று, “உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே சார். ஆபீசர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். குரல் நடுங்கிவிட்டது. அந்த நடுக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

“வகுப்புக்குள்ள நிக்கிறவங்கதாம்மா வகுப்புக்குப் பொறுப்பு” என்றார், பேனாவை மூடிக்கொண்டே.

‘வகுப்பறைக் கட்டுப்பாடு இல்லை’ என்று அறிக்கை போனது. நிரந்தர இடம் அவர் கொழுந்தியா மகளுக்குப் போனது. நான் வேலையை விட்டுப் போக நாள் குறித்துவிட்டார்கள். அதுவரை துளசிராம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தான். நான் எவ்வளவு கெஞ்சியும் வெளியே எடுக்கவில்லை. பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை, சாயப் பட்டறைக்குப் போய்விட்டான் என்று ஆயாம்மா சொன்னார்.

வேலை போனதைக்கூட மன்னித்திருப்பேன். அந்தக் கையை மன்னிக்க மாட்டேன். கடைசி நாள் நேராகத் திருப்பரங்குன்றம் போனேன். வேறு வேலை கொடு என்று வேண்டிக்கொள்ளவில்லை. அந்த ஆள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பேர் முன்னால் இதே மாதிரி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்டது நடந்திருக்கிறது. முருகனுக்கு விசா கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

4

கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு வேலை செய்யும் விசா, எனக்கு வேலை செய்யக் கூடாத விசா. படித்த பெண்களைச் சமையலறையில் நிறுத்திவைக்க இந்த நாட்டில் இப்படி ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள். வேலை செய்ய அனுமதிக்கும் பச்சை அட்டை வரும்போது தயாராக இருக்கலாமே என்று ஆசிரியர் உரிமத்துக்கு விசாரித்தேன். சான்றிதழ்களை மொழிபெயர்க்க வேண்டும், மதிப்பிட வேண்டும், அப்புறம் வகுப்பைக் கட்டுப்படுத்தும் திறன் பற்றி முன்னாள் மேலதிகாரியிடம் எழுதி வாங்க வேண்டும் என்றாள் கவுண்ட்டரில் இருந்த பெண். யாரிடம் போய் வாங்குவது! நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஊர் நூலகத்தில் ஆசிரியர்களுக்கென்று ஒரு பெரிய அலமாரி இருக்கிறது. வாசிக்கச் சொல்லித் தருவது எப்படி, வகுப்பை நடத்துவது எப்படி என்று புத்தகம் புத்தகமாக. ஒன்றில், தனக்குப் புரியவில்லை என்று பிள்ளை பயமில்லாமல் சொல்லும் வகுப்புதான் நல்ல வகுப்பு என்று ஓர் அத்தியாயமே இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் செய்ததற்குத்தானே அங்கே என்னைத் துரத்தினார்கள்?

மகள் கீர்த்தனா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ‘மழை’ என்ற சொல்லை ஏதோ ஒரு உச்சரிப்பில் ரசம் மாதிரி விழுங்குவாள். பள்ளியில் புரியாவிட்டால், ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொல்லு என்று நான்தான் பழக்கினேன். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்? அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, உங்கள் மகள் ஏன் நான் சொல்வதை நம்ப மறுக்கிறாள் என்று கேட்டாள். இங்கே டவுட் என்றால் நம்பவில்லை என்று அர்த்தமாம். அன்றிலிருந்து கீர்த்தனாவுக்கு என் பேச்சு எதிலும் நம்பிக்கை கிடையாது. “நீ சொல்றது எல்லாம் இந்தியால அம்மா” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் சம்பளமில்லாமல் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. அங்கே எனக்குச் செல்வி என்ற பெயரில்லை, ‘கீர்த்தனா அம்மா’தான். இங்கேயும் தெற்குவாசல் பிள்ளைகளுக்கு இருந்த அதே நிலைமை. வீட்டுப் பாஷை ஒன்று, புத்தகப் பாஷை ஒன்று. அதே வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தெரியாதவர்கள் கை தூக்கவும். கீர்த்தனா ரொம்ப நாள் தூக்காமல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம்தான் தூக்க ஆரம்பித்திருக்கிறாள். அந்தக் கைதான் எனக்கும் அவளுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் தமிழ்.

5

பட்டறைக்கு முந்தின வாரம் பெரிய சார் பள்ளியைப் பார்க்க வந்தார். கோட்டு, மஃப்ளர், குளிருக்குக் குல்லா. என்னைப் பார்த்தார், கும்பிட்டார். அடையாளம் தெரியவில்லை.

“பட்டறை அன்னைக்கு மத்தியானம் பெத்தவங்க முன்னாடி மாதிரி வகுப்பு ஒண்ணு எடுத்துக் காட்டலாம்னு இருக்கேன். உங்க வகுப்ப எடுத்துக்கிறட்டுமாம்மா?”

“தாராளமா எடுங்க சார்” என்றேன்.

“எந்தப் பாடம் நடத்தலாம்?”

எங்கள் புத்தகத்தில் உழவைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். கழனி என்ற சொல் இரண்டாவது வரியிலேயே வருகிறது.

“பிள்ளைகளப் பத்தி எதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

கேட்டார்தான். அதை மறைக்க மாட்டேன். நான் அவர் முகத்தைப் பார்த்து, “நல்ல பிள்ளைங்க சார். கூச்சமில்லாமக் கை தூக்குவாங்க” என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவர் யாரோ ஒருவர் பிள்ளையைத் திட்டப்போகிறார். என் வஞ்சத்துக்கு ஊரார் பிள்ளையைப் பலி கொடுக்க மனசு வரவில்லை. அதற்காக விட்டுவிடவும் மனசு வரவில்லை. பட்டறை அன்று கீர்த்தனாவை முன் வரிசையில், அவர் நிற்கப்போகும் இடத்துக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் போடும் சத்தத்தில் அவள் கையும் துளசிராமின் கை மாதிரி இறங்கிவிட்டால், அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் எழாது. தெரிந்தேதான் வைத்தேன். அவ்வளவு கோபம் இருந்தது எனக்கு.

6

காலையில் ஆசிரியர்களுக்கு வகுப்பு. படம் படமாகப் போட்டுக் காட்டினார். கையேடு கொடுத்தார். “கேள்வி கேட்டதும் எத்தனை கை எழுகிறதோ, அதுதான் ஆசிரியருக்கு மார்க்கு. கை எழாத வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லாத வகுப்பு” என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நானும் பணிவாகக் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் ஜிப்பாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வீடியோ கேமராவோடு நின்றார்கள். பெரிய சார் பாடத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

“கழனின்னா என்ன?”

வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கியது. பெரிய சாருக்கு மேடைத் தமிழ் மறந்து ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

“எம்புட்டுக் கை! பாத்துக்கங்க! அமெரிக்காவுல பெறந்த பிள்ளைக!”

பெற்றோர் கைதட்டினார்கள். அவர் நேர் எதிரே இருந்த கீர்த்தனாவை எழுப்பினார்.

“தெரியாது சார்” என்றாள்.

கூடத்தில் சின்னச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டுப் பக்கத்துப் பையனைக் காட்டினார். “தெரியாது சார்.” அதற்குப் பக்கத்தில் இருந்தவள், “எனக்கும் தெரியாது சார்.” கைகள் எல்லாம் இன்னும் மேலேயே இருந்தன. எங்கள் வகுப்பில் பதில் வரும்வரை இறக்க மாட்டார்கள். அவர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தெற்குவாசலில் சுவரோரம் நின்றேனே, இங்கேயும் சுவரோரம்தான் நின்றேன். ஆனால் இந்தத் தடவை அது எவ்வளவு வசதியான இடமாக இருந்தது!

அவர் திரும்பக் கீர்த்தனாவிடம் வந்தார். குனிந்தார். குரல் ஏறியது.

“தெரியாததுக்கு எதுக்கும்மா கையத் தூக்குற?”

அதே வாக்கியம். எனக்குச் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. என்ன காரியம் செய்தேன் என்று ஒரு கணம் பதறினேன். கீர்த்தனா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். கை கீழே இறங்கவில்லை.

“தெரிஞ்சா எதுக்கு சார் கை தூக்கணும்?” என்றாள்.

அமெரிக்க நாக்கில் உருண்டு உருண்டு வந்தாலும் முழுசாக வந்தது. ஊரார் முன்னால் அவள் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான். கூடமே வெடித்துச் சிரித்தது. பின்னால் யாரோ, “கரெக்ட்டுத்தான சார்!” என்று கத்தினார். பெரிய சார் மேஜையை ஓங்கித் தட்டி, “சைலன்ஸ்!” என்றார். அதட்டலுக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னப் பிள்ளை மிரண்டு அழுதது. அதன் அம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டு அவரை முறைத்தாள். வகுப்பறை மேலாண்மை அத்தோடு முடிந்தது. சாம்பார் சாதம் ஆறுகிறது, எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்று செயலாளர் மைக்கைப் பிடுங்கி அறிவித்தார்.

7

தட்டோடு ஓரமாக நின்ற பெரிய சார் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

“ஏம்மா, இப்பிடி ஒரு பழக்கம் இருக்குன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேனோ என்று தோன்றியது.

“வகுப்புக்குள்ள நிக்கிறவங்கதான சார் வகுப்புக்குப் பொறுப்பு? தெற்குவாசல் ஸ்கூல்ல நீங்க எனக்குச் சொன்னதுதான்.”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “நீ… கோச்சடையில இருந்து வருமே, அந்த…”

“செல்வி சார். மூணாப்பு பி.”

கழுத்தில் கிடந்த பொன்னாடையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். நான் விடவில்லை.

“துளசிராம் ஞாபகம் இருக்கா சார்?”

“யாரு?” நிஜமாகவே யோசித்தார். “தெரியலையேம்மா.”

“தெரியலைன்னா கையத் தூக்குங்க சார்” என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வயசானவரிடம் இப்படியா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். துளசிராமுக்கு அன்றைக்கு எட்டு வயசு.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கால் தரையில் இல்லை. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே ஓட்டினேன். அப்போதுதான் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் கீர்த்தனா கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகத் தூக்கிக்கொண்டிருந்தாளோ தெரியாது, ஓய்ந்துபோய் இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“என்னடா?”

“கழனின்னா என்ன? யாருமே சொல்லல.”

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தெற்குவாசலில் துளசிராமுக்கும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின் சீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நெல்லு விளையிற நெலம். நம்ம கோச்சடையிலகூட இருந்துச்சு” என்று ஆரம்பித்தேன். அவள் கையை இறக்கி என் மடியில் வைத்துக்கொண்டாள்.